குறும்புக்கும் கொடுமைக்கும் ஒரே தண்டனையா? பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முதலாண்டில் சேரும் மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு விதிமுறைக் கையேடு கொடுப்பீர்கள். நான் பார்த்த கையேடுகள் பலவற்றில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை. ராகிங், கேலி, குறும்பு, கல்லூரிச் சொத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றில் ஈடுபடுவோர் இடைநீக்கமோ நிரந்தர நீக்கமோ செய்யப்படுவர் என்கிற வரி. நான்கு காரியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே தண்டனை எழுதியிருக்கிறது. குறும்பை மட்டும் அந்த வரியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மின்னியல் துறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்கொயரிக்கு வந்து நிற்கும் மாணவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களின் நெருக்கடியும் தெரியும். மறுநாள் பத்திரிகையில் வந்தால் யார் பதில் சொல்வது, நிர்வாகம் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை நியாயமானதுதான்.

ராகிங் விஷயத்தில் உங்கள் கண்டிப்பு எள்ளளவு குறைந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவரை சீனியர் மாணவர் கொன்ற செய்தி வந்த நாட்களை நம் தலைமுறை ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அப்புறம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, ஆர்.கே. ராகவன் தலைமையில் குழு அமைந்து, 2009-ல் யுஜிசி விதிமுறைகள் வந்தன. இத்தனையும் வேண்டியிருந்தது. ராகிங் செய்தவனும் மாட்டிக்கொண்டால் “சும்மா விளையாட்டுக்குத்தான் சார்” என்று சொல்வான் என்பதால், விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. அதுவும் எனக்குப் புரிகிறது.

ஆனால் ராகிங்கில் எதிரே ஒரு ஆள் இருக்கிறான். ஓட முடியாத, எதிர்த்துப் பேச முடியாத ஜூனியர். நான் பேசப்போகும் குறும்புகளின் எதிரே இருப்பது ஒரு கூரை, ஒரு ஸ்கோர்போர்டு, ஒரு கட்டடத்தின் ஜன்னல் வரிசை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை எதுவும் தேவையில்லை.

மூன்று ஊர்க் கதைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எப்படிச் செய்தார்கள் என்பதும், அதைவிட முக்கியமாக, கல்லூரி என்ன செய்தது என்பதும் உங்களுக்குப் பயன்படும்.

முதலாவது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில். 1958 ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஊர் விழித்தபோது, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கூரையின் உச்சியில் ஆஸ்டின் செவன் என்ற கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கூரை தரையிலிருந்து சுமார் 70 அடி உயரம். செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி மாணவர்கள், திட்டம் போட்டவர் பீட்டர் டேவி என்ற பொறியியல் மாணவர். தரையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு அணி, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே உள்ள சந்தின் மேல் பலகை போட்டுக் கடக்க ஒரு அணி, சாரக் கம்புகளால் ‘A’ வடிவில் ஒரு சட்டம் கட்டிக் கயிறும் கப்பியும் வைத்து இழுக்க ஒரு அணி என்று பிரித்துக்கொண்டு, ஒரே இரவில் வேலையை முடித்தார்கள்.

இறக்க வந்தவர்களின் பாடு வேறு. போலீஸ், தீயணைப்புத் துறை, சிவில் டிஃபென்ஸ் எல்லோரும் முயன்றார்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது. கடைசியில் வண்டியை வெட்டித் துண்டாக்கித்தான் இறக்க முடிந்தது. ஏற்றுவதற்குத் திட்டமிட்ட அந்தப் பையன்கள் எவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது இறக்கும்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கப்பி எத்தனை, எடை எந்தப் பக்கம் சாயும், கூரையின் விளிம்பு எவ்வளவு தாங்கும். நம் ஸ்டேட்டிக்ஸ் பாடத்தில் முதல் செமஸ்டரிலேயே கரும்பலகையில் போடும் படம்தான் அது. உண்மையான பாரத்தை வைத்து அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை மாணவர்களுக்குக் கிடைக்கிறது?

அந்தக் கல்லூரியின் டீன் ஹியூ மான்டஃபியோர், பிற்காலத்தில் பிஷப் ஆனவர். யார் செய்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அந்த மாணவர்களுக்கு ஒரு பெட்டி ஷாம்பேன் அனுப்பிவைத்தார். யாரையும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அந்தக் குழு யார் என்பதே 50 ஆண்டு கழித்து, 2008-ல்தான் வெளியே வந்தது. நீங்களும் ஷாம்பேன் அனுப்ப வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாணவன் செய்த காரியத்தில் இருக்கும் திறமையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு ஆசிரியர் அங்கே இருந்தார். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது கதை அமெரிக்காவின் மேற்குக் கரையில், கால்டெக். பாஸடீனாவில் இருக்கும் சின்னக் கல்லூரி. விஞ்ஞானத்தில் பெரிய பெயர், அமெரிக்கக் கால்பந்தில் பெயரே கிடையாது. அதே ஊரில்தான் ரோஸ் பௌல் என்ற பிரம்மாண்டமான மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டிலும் நாட்டின் மிகப் புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளில் ஒன்று அங்கே நடக்கும். 1961 ஜனவரி 2 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மினசோட்டாவும் மோதின. ஆட்டத்தின் இடைவேளையில் வாஷிங்டன் பக்கத்துப் பார்வையாளர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து ஒரு பெரிய படம் காட்டுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு குறிப்புத்தாள் இருக்கும். முதல் படத்துக்கு இந்த நிறம், இரண்டாவது படத்துக்கு இந்த நிறம் என்று அதில் எழுதியிருக்கும். உட்கார்ந்திருப்பவருக்குத் தான் என்ன படம் வரைகிறோம் என்பதே தெரியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கால்டெக் மாணவர்கள் 14 பேர் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தார்கள். ஒருவர் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிப் பத்திரிகையின் நிருபர் என்று சொல்லிக்கொண்டு வாஷிங்டன் குழுவினரைப் பேட்டி எடுத்தார், அட்டை வேலை எப்படி நடக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டார். பிறகு அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய் ஒரே ஒரு தாளை எடுத்துவந்து, அதே மாதிரி 2,200-க்கும் மேற்பட்ட தாள் அச்சடித்தார்கள். படங்களின் மூல வரைபடத்தையும் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் உண்மையான உழைப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் எந்த நிறம் எந்த நிறமாக மாற வேண்டும் என்று கணக்கிட்டு, 2,232 தாள்களைக் கையால் திருத்தினார்கள். கணினி எதுவும் இல்லை. வாஷிங்டன் குழு டிஸ்னிலாண்ட் போயிருந்த நேரத்தில் பழைய தாள்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துவிட்டு வந்தார்கள்.

முதல் 11 படங்களும் சரியாக வந்தன. 12-ஆவதில் வாஷிங்டனின் சின்னமான ஹஸ்கி நாய்க்குக் காதும் பல்லும் மாறி பீவராகிவிட்டது. பீவர் என்ற நீர்வாழ் விலங்கு கால்டெக்கின் சின்னம். யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. 13-ஆவதில் எழுத்துகள் பின்னிருந்து முன்னாக ஓடின. ஏதோ குளறுபடி என்று நினைத்திருப்பார்கள். 14-ஆவதில் மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க, பெரிய எழுத்தில், கால்டெக் என்று எழுந்து நின்றது. என்பிசி தொலைக்காட்சி நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாக மதிப்பீடு. அந்த ஆட்டத்தில் விளையாடவே இல்லாத கல்லூரி ஒன்றின் பெயரை, எதிர் ஊர்க்காரர்களே தங்கள் கையால் தூக்கிப் பிடித்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 12-ஆவது படம். நேரே கால்டெக் என்று போட்டிருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும். முதலில் மிகச் சின்ன மாற்றம், அடுத்தது கொஞ்சம் பெரியது, கடைசியில் முழுவதும் என்று படிப்படியாகக் கொண்டுபோனதில் ஒரு நல்ல கச்சேரியின் ஒழுங்கு இருக்கிறது. பூட்டைத் திறந்து உள்ளே போனதும், பொய் சொல்லிப் பேட்டி எடுத்ததும் சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். சரியில்லைதான். அதைத் தனியாகக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கண்டிப்போடு, 2,232 தாள்களில் பிழையில்லாமல் வேலை பார்த்த ஒழுங்கையும் கண்ணில் வைத்துக்கொண்டுதான் ஒரு ஆசிரியர் பேச வேண்டும்.

இதே மைதானத்தில் 1984 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. யுசிஎல்ஏவுக்கும் இல்லினாய்ஸுக்கும் ஆட்டம். கடைசிக் கட்டத்தில் மின்னணு ஸ்கோர்போர்டில் திடீரென்று கால்டெக் 38, எம்ஐடி 9 என்று வந்தது. கால்டெக் மாணவர்கள் தாங்களே ஒரு கருவி செய்து, தொலைவிலிருந்து ரேடியோ மூலம் ஸ்கோர்போர்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நகர நிர்வாகம் வழக்குப் போட்டது. கல்லூரியிலோ அது ஒரு மின்னணு செய்முறைப் பாடத்தின் ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளப்பட்டு மதிப்பெண்ணும் கிடைத்தது. சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதை மாணவர்கள் சொன்னார்கள். படிப்புக்கு உரியதைக் கல்லூரி கொடுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. நம் ஊரில் இதே காரியம் நடந்தால், வழக்கு வருவதற்கு முன்பே டிசி கையில் வந்துவிடும்.

மூன்றாவது, எம்ஐடி. நம் குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. அங்கே இந்தக் குறும்புகளுக்கு ‘ஹாக்’ என்று பெயர். பல தலைமுறைகளாக நடக்கிறது. வளாகத்தின் நடுவில் இருக்கும் பெரிய குவிமாடம்தான் அவர்களுக்குப் பிடித்த இடம். 1994 மே 9 காலை அதன் உச்சியில் ஒரு வளாகப் போலீஸ் கார் நின்றது, மேலே விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு செவர்லே காரின் வெளித்தகடுகளை மட்டும் எடுத்து மரச்சட்டத்தில் பொருத்தி, போலீஸ் கார் போலவே வண்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே சீருடை போட்ட ஒரு பொம்மை, காபிக் கோப்பை, டோனட் பெட்டி. கார் எண்ணாக, வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற குறியீடு. கண்ணாடியில் ஒரு அபராதச் சீட்டு, இந்த இடத்தில் நிறுத்த அனுமதி இல்லை என்று.

அந்தக் கார் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? எம்ஐடியின் ஸ்டாடா மையக் கட்டடத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர வரும் மாணவர்களும் பெற்றோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

2003 டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள் பறந்து 100 ஆண்டு நிறைந்த நாள். அன்று அதே குவிமாடத்தில் அவர்களுடைய விமானத்தின் மாதிரி நின்றது. 2006 செப்டம்பர் 11 அன்று ஒரு தீயணைப்பு வண்டி. ஐந்தாண்டுக்கு முன் அதே நாளில் நடந்த நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களுக்கு மாணவர்களின் அஞ்சலி அது. குறும்பு என்றாலே பொறுப்பில்லாத்தனம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். 2012 ஏப்ரலில் 21 மாடி கிரீன் கட்டடத்தின் ஒரு பக்கத்து 153 ஜன்னல்களிலும் வண்ண எல்இடி விளக்குகளைப் பொருத்தி, கட்டடம் முழுவதையும் டெட்ரிஸ் விளையாட்டாக மாற்றினார்கள். கீழே நின்று யார் வேண்டுமானாலும் விளையாடலாம். 153 விளக்குகளும் கம்பியில்லாமல் ஒரே நேரத்தில் ஒரே கட்டளைக்கு இசைய வேண்டும். எம்பெடட் சிஸ்டம்ஸ் பாடம் நடத்திய யாருக்கும் அது எவ்வளவு தலைவலி பிடித்த வேலை என்று தெரியும்.

இவற்றையெல்லாம்விட நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது எம்ஐடி மாணவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதிகளை. நிர்வாகம் எழுதிக் கொடுத்தவை அல்ல அவை. சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவை. எதையும் சேதப்படுத்தாதே. எதையும் திருடாதே. தனியாகப் போகாதே. குடித்துவிட்டுப் போகாதே. கீழே ஆள் நிறுத்தாமல் உயரத்திலிருந்து எதையும் போடாதே. இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு வா, முடிந்தால் முன்பைவிட நல்ல நிலையில். போகும் வழியில் ஏதாவது உடைந்திருப்பதைப் பார்த்தால் பராமரிப்புத் துறைக்குச் சொல். 1999-ல் குவிமாடத்தை ஒரு ரோபோவின் தலை போல அலங்கரித்தவர்கள், அதை எப்படிப் பத்திரமாகக் கழற்றுவது என்று ஊழியர்களுக்கு விரிவான குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஏறி வேலை பார்க்கப்போகும் தொழிலாளியைப் பற்றி நினைத்தவர்கள் அவர்கள். நம் லேபில் ரெக்கார்டு நோட்டின் கடைசியில் ‘முன்னெச்சரிக்கைகள்’ என்று எழுதச் சொல்கிறோமே, அதை மனப்பாடமாக எழுதும் மாணவனுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

எம்ஐடியில் எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. 2006-ல் ஆசிரியர் மன்றக் கட்டடத்துக்குள் இரவில் போன மூன்று மாணவர்கள் மீது கடுமையான குற்றப்பிரிவுகளில் வழக்குப் பதிவானது. வளாகத்தில் பெரிய வாக்குவாதம் எழுந்தது, பின்னர் அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. எங்கே கோடு போடுவது என்பது அவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகவே இருக்கிறது.

எம்ஐடி பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் சொல்லும் ஸ்மூட் கதையை நான் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். 1958-ல் ஹார்வர்ட் பாலத்தை ஆலிவர் ஸ்மூட் என்ற மாணவரின் உயரத்தை அலகாக வைத்து அளந்தார்கள். அவரைப் படுக்கவைத்து, குறி போட்டு, எழுப்பி, மறுபடி படுக்கவைத்து. பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூடவே ஒரு காது. ஒரு ஸ்மூட் 5 அடி 7 அங்குலம். 1980-களின் இறுதியில் பாலத்தைப் புதுப்பித்தபோது நடைபாதைக் கான்கிரீட்டையே ஸ்மூட் அளவில் கோடிட்டார்கள். அந்த மாணவர் பின்னாளில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தின் தலைவராகவும், உலகத் தரநிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தலைவராகவும் ஆனார். கேட்க இனிமையான கதை. ஆனால் அது மாணவர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு சீனியர்கள் கொடுத்த வேலை. நம் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் ராகிங்தான். குளிரில் பாலத்தில் படுத்து எழுந்தவர் பிறகு அதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார் என்பதற்காக, அடுத்தவரும் அப்படியே நினைவுகூர்வார் என்று சொல்ல முடியாது. கதை எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அதை நான் உங்கள் முன் முன்மாதிரியாக வைக்க மாட்டேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். நுழைவாயிலில் எழுத்து ஓடும் எல்இடி பலகை ஒன்று உண்டு. பிளேஸ்மென்ட் வாழ்த்து, சிம்போசியம் தேதி எல்லாம் அதில் ஓடும். ஒரு நாள் காலை அதில் ‘இன்று முதல் பீரியட் கேன்டீனில் நடைபெறும், வடை சாப்பிடுவோருக்கு மட்டும் அட்டெண்டன்ஸ்’ என்று ஓடியது. கொஞ்ச நேரம்தான். பிறகு தானாகவே பழைய வாசகம் திரும்பிவந்தது, அப்படித்தான் புரோகிராம் எழுதியிருந்தார்கள். பலகையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.’

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர். பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாயார், முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். மகன் என்ன செய்தான் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, ஏதோ போலீஸ் விவகாரம் என்று மட்டும் அவர் புரிந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கடிதம், இரண்டு வார இடைநீக்கம், இன்டர்னல் மார்க்கில் கைவைப்போம் என்ற மிரட்டல், சைபர் கிரைமில் கொடுத்துவிடுவோம் என்ற மிரட்டல். என்கொயரியில் அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது, நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டையும் யாரும் மாற்றவில்லை. வேறு யாராவது கெட்ட எண்ணத்தோடு அதே வழியில் நுழைந்து ஆபாசமாகவோ, சாதிப் பகையைத் தூண்டும்படியோ எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மூவர் கல்லூரிக்குச் செய்த உதவிக்குக் கிடைத்தது இடைநீக்கம். மூவரில் ஒருவன் அதற்குப் பிறகு லேபில் எதையும் தொட்டுப் பார்க்கவே தயங்கினான். கேட்டால், “எதுக்கு சார் வம்பு” என்பான். மின்னணுவியல் படிக்கும் பையன் வாயிலிருந்து அதைக் கேட்பது எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

சைபர் கிரைம் மிரட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு பொருந்த, நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தன் பெயரை எழுதாவிட்டாலும் குறையைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போனவனிடம் அந்த நோக்கம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? 19, 20 வயதுப் பிள்ளையிடம் ஒரு சட்டப்பிரிவைச் சொல்லி மிரட்டுவதற்கு முன், குழுவில் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும்.

எல்லை எங்கே என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பள்ளி நாட்களில் டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு மின்னணுக் கருவியைச் செய்து லாக்கருக்குள் வைத்தார். வெடிகுண்டு என்று நினைத்துப் பதறிய பள்ளி முதல்வர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார். வாஸ்னியாக் ஒரு இரவைச் சிறார் காவல் இல்லத்தில் கழித்தார். பலர் இதை அவருடைய மேதைமைக்குச் சான்றாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தன் உயிரைப் பணயம் வைத்து ஓடிய அந்த முதல்வரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். உயிர்ப் பயத்தை உண்டாக்குவது குறும்பில் சேராது. வெடிகுண்டுப் புரளி, தீ எச்சரிக்கை மணியை அடிப்பது, லிஃப்டில் கைவைப்பது, ஒரு மாணவியின் போட்டோவை எடுத்து மாற்றி ஒட்டுவது, தேர்வுத் தாளிலும் மார்க்கிலும் விளையாடுவது, இவற்றில் எதைச் செய்தாலும் முழுத் தண்டனை கொடுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். மின்னியல்காரனாக இன்னொன்றும் சேர்க்கிறேன்: டிரான்ஸ்ஃபார்மர் அறைக்குள்ளும் மெயின் பேனலிலும் கைவைப்பவனை முதலில் தடுத்து நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு கேட்கலாம்.

மற்றவற்றுக்கு நான் கேட்பது இதுதான். இப்படி ஒரு சம்பவம் வந்தால் பெற்றோருக்குப் போன் போடுவதற்கு முன், அந்தத் துறையில் விஷயம் தெரிந்த ஒரு ஆசிரியர் மாணவர்களோடு அரை மணி நேரம் உட்காரட்டும். எப்படிச் செய்தீர்கள், எங்கே தவறியிருந்தால் யாருக்கு அடிபட்டிருக்கும், அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள் என்று கேட்கட்டும். உண்மையில் யோசித்துச் செய்தவனுக்கு அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கும். யோசிக்காமல் செய்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். பொருளுக்குச் செலவு ஏதாவது ஆகியிருந்தால் அதை அவர்களே சரிசெய்து கொடுக்கட்டும், ஆசிரியர் மேற்பார்வையில். இடைநீக்கம் செய்து வீட்டில் உட்காரவைக்கும் இரண்டு வாரத்தில், அந்தப் பலகைக்கு ஒழுங்கான பாதுகாப்பு எழுதச் சொல்லியிருந்தால் கல்லூரிக்கு லாபமாகியிருக்கும், அந்தப் பையனின் கையும் பயந்துபோயிருக்காது.

மாணவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் ஹாஸ்டல் மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் கல்லூரிகளில், எந்த நல்ல குறும்பும் பையன்களின் பெயரில்தான் வரும். லேபையும் வொர்க்‌ஷாப்பையும் இரவு ஒன்பது வரையாவது, பொறுப்பாசிரியர் ஒருவருடன், இருபாலருக்கும் திறந்துவையுங்கள். திறந்த லேபில் கையைப் பழக்கிக்கொண்ட பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் பூட்டைத் திறக்க வேண்டிய அவசியமே பல நேரம் வராது.

அடுத்த கல்வியாண்டின் கையேடு அச்சுக்குப் போவதற்கு முன் அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும். மாற்று வாசகம் ஒன்றை நானே எழுதித் தருகிறேன், உங்கள் வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்:

“தனிநபர் யாரையும் குறிவைக்காத, யாருக்கும் காயமோ அச்சமோ அவமானமோ ஏற்படுத்தாத, சேதம் விளைவிக்காத, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய தொழில்நுட்பக் குறும்புகள் ராகிங் விதிகளின் கீழ் விசாரிக்கப்பட மாட்டா. அத்தகைய செயலைச் செய்தவர்கள் 24 மணி நேரத்துக்குள் தாங்களாகவே துறைத் தலைவரிடம் வந்து செய்முறையை எழுத்தில் கொடுத்தால், இடைநீக்கமோ மதிப்பெண் குறைப்போ இருக்காது. தேர்வு, மதிப்பெண், வருகைப் பதிவு, கட்டணம் தொடர்பான கணினிகள், தீயணைப்பு ஏற்பாடுகள், லிஃப்ட், உயர் மின்னழுத்தக் கருவிகள், பிறரின் தனிப்பட்ட தகவல்கள் ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.”

அன்புடன்,
ஓய்வு பெற்ற மின்னியல் துறை ஆசிரியர் ஒருவர்